கடன் இல்லாத மனிதர்

கடனைப்பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி, "பேஷாக எழுதுங்கள். அநுபவம்தான் வேண்டிய மட்டும் இருக்கிறதே!" என்றாள். இது பாராட்டா, பரிகாசமா என்று நான் கேட்கவில்லை. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள் அந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் தங்கை மகன். 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாயாரையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் காப்பி கூடச் சாப்பிடாமல், "அத்தை, கத்தரிக்கோல் இருக்கா?" என்று கேட்டான். எங்கள் வீட்டுக் கத்தரிக்கோல், வேண்டும்போது அகப்படாது. அது அதன் சுபாவம். பொறுமை இழந்தவன் சமையலறைக்குப் போய் அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு கிரெடிட் கார்டுகளை எடுத்தான். வாழைக்காய் நறுக்குவதுபோல் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டான்.

"என்னடா இது?" என்றேன்.

"இன்னையிலேர்ந்து நான் சுதந்திர மனுஷன், மாமா. இனிமே யார்கிட்டயும் காலணா கடன் கிடையாது."

காலணா என்னும் நாணயத்தை அவன் கண்ணால் பார்த்திருக்க நியாயமில்லை. ஆனால் சொன்னதில் உறுதி இருந்தது.

அவனுடைய குருநாதர் அமெரிக்காவில் இருக்கிறார். டேவ் ராம்சி என்று பெயர். ஜனங்களின் பணக் கஷ்டங்களை வானொலியில் கேட்டு யோசனை சொல்லிப் பிரசித்தி அடைந்தவர். அவருடைய உபதேசம் ஏழு படிகளாகப் போகிறது. முதல் படி, ஆபத்துக்கு என்று 1,000 டாலர் ஒதுக்கி வை. இரண்டாவது, வீட்டுக் கடன் நீங்கலாக மற்ற எல்லாக் கடனையும் அடை. அதிலும் சின்னக் கடனை முதலில் தீர். மூன்றாவது, மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை குடும்பம் நடத்தப் போதுமான பணத்தைச் சேர்த்துக்கொள். அப்புறம் ஓய்வுக் காலம், குழந்தைகள் படிப்பு, வீட்டுக் கடன், தான தருமம் என்று மேலே ஏறலாம். கிரெடிட் கார்டு மட்டும் கூடவே கூடாது.

"சின்னக் கடனையா முதலில் தீர்ப்பது? வட்டி அதிகமான கடனை அல்லவா?" என்று கேட்டேன்.

"கணக்குப்படி நீங்க சொல்றது சரி. ஆனா ஒரு கடன் தீர்ந்துதுன்னா மனசுக்கு ஒரு தெம்பு வரும் பாருங்க, அதுக்காக" என்றான்.

எனக்கு அந்த அமெரிக்கர்மேல் உடனே ஒரு மரியாதை ஏற்பட்டது. மனிதர்களுடைய மனசு கணக்கு நோட்டில் அடங்காது என்பதை அறிந்தவர். அவர் வெறும் புத்தகப் படிப்பால் பேசுகிறவரும் அல்ல. இளம் வயதில் கடன் வாங்கி வீடு மனை வியாபாரம் செய்து, 1988-இல் இன்ஸால்வென்ஸி கொடுத்தவர். சூடு கண்டவர். சூடு கண்டவர் சொல்வதை அலட்சியம் செய்யக் கூடாது.

இத்துடன் நின்றிருந்தால் கட்டுரைக்கு விஷயம் இருந்திராது. என் மருமானுடைய பெண்ணுக்கு எஞ்சினீயரிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. சம்பளம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய். நாலு வருஷத்துக்கு 4 லட்சம். 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்துக் கொடுத்த கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை என்று வைத்தார்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்கலாம். அவன் அதைக் கணக்குப் போட்டுக் கொண்டு வந்திருந்தான். நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொண்டால், முதல் தவணை கட்டும் நாளில் 4 லட்சம் 5 லட்சத்து 40 ஆயிரமாகியிருக்கும். அதன் பிறகு ஏழு வருஷம் மாதா மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய். ஆக மொத்தம் ஏழரை லட்சம்.

"வாங்கினது நாலு, கட்டறது ஏழரை! சனி பிடிச்ச மாதிரி இல்லையா, மாமா? அதனால கடன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"பணத்துக்கு?"

"முதல் ரெண்டு வருஷத்துக்கு அம்மா வளையலைக் கொடுத்துடறா. வித்தா ரெண்டு லட்சத்துக்குக் குறையாது. மீதியை நான் மிச்சம் பிடிச்சுடுவேன்."

நான் என் தங்கையைப் பார்த்தேன். என் மனைவிக்கு ஒத்தாசையாக அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கையில் இருந்த இரண்டு வளையல்களும் காயைக் கிள்ளுந்தோறும் ஒன்றோடொன்று மோதின. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். அவை எங்கள் அம்மாவின் வளையல்கள். நாலு பவுன்.

இந்த இடத்தில் நான் ஒரு சத்தியத்தை மீற வேண்டியதாயிற்று.

*

எங்கள் அப்பா கும்பகோணத்தில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. கடன் இல்லாத மனிதர் என்று எங்கள் தெருவில் அவருக்குப் பெயர். அந்தக் காலத்தில் மளிகைக் கடையில் கணக்கு வைத்துக்கொள்ளாத குடும்பம் அபூர்வம். அப்பா ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குவார். ரொக்கம் இல்லாவிட்டால் அன்றைக்குச் சாமான் இல்லை. "இன்னொருத்தன் பத்து ரூபாய் என் பையிலே இருந்தா எனக்குத் தூக்கம் வராது" என்பார். எங்களுக்கெல்லாம் அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்பாவும் சூடு கண்டவர்தான். தாத்தாவுக்குக் காவிரிப் பாசனத்தில் ஒரு வேலி நஞ்சை இருந்தது. 1930-க்குப் பிறகு உலகம் முழுவதும் விலைகள் விழுந்தபோது நெல் விலையும் விழுந்தது. நெல் விலை பாதியாகலாம். புரோநோட்டில் எழுதிய தொகை பாதியாகுமா? அசல் நின்றது, வட்டி ஏறிற்று. 1934-இல் நிலம் போய்விட்டது. 1938-இல் ராஜாஜி மந்திரி சபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்து, பழைய வட்டிப் பாக்கிகளைத் தள்ளிக் கொடுத்தது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் பிழைத்தன. எங்கள் நிலம் அதற்கு நாலு வருஷம் முன்பே கை மாறிவிட்டது. நிலத்தை அளந்து கொடுத்த அன்று அப்பாவுக்குப் பன்னிரண்டு வயசு; சங்கிலி பிடித்து அளந்ததை வரப்பில் நின்று பார்த்தாராம். அதற்குப் பிறகு அவர் ஒரு புரோநோட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

1966-இல் என் தங்கைக்கு ஆறு வயசு. டைபாயிட் வந்தது. விஷ ஜுரம் என்றும் இருபத்தொரு நாள் ஜுரம் என்றும் சொல்லுவார்கள். "லங்கனம் பரம ஔஷதம். பட்டினி போடுங்கள், தானே இறங்கும்" என்று யோசனை சொன்னவர்கள் பலர். எட்டாம் நாள் குழந்தை பிதற்ற ஆரம்பித்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குளோரோமைசெட்டின் கொடுக்க வேண்டும், பார்லிக் கஞ்சியும் சாத்துக்குடி ரசமுமாகக் கொடுத்துத் தெம்பு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மாசக் கடைசி. அப்பா சட்டைப் பையையும் அலமாரியையும் பார்த்தார். பதினோரு ரூபாய் இருந்தது. அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "முதல் தேதி வரைக்கும் எப்படியாவது சமாளி" என்று சொல்லி ஆபீஸுக்குப் போய்விட்டார்.

"எப்படியாவது" என்னும் சொல்லுக்குத் தமிழில் ஆழமான அர்த்தம் உண்டு. ஆண்கள் அதைச் சொல்லுவார்கள். பெண்கள் அதைச் செய்வார்கள்.

குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள். எனக்குப் பன்னிரண்டு வயசு. பெரிய கடைத் தெருவுக்குப் பின்னால் ஓர் அடகுக் கடை. அம்மா வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு சட்டென்று உள்ளே நுழைந்தாள். வளையல் லேசில் கழலவில்லை. கடைக்காரர் ஒரு சின்னச் சோப்புத் துண்டையும் செம்பில் ஜலமும் எடுத்துக் கொடுத்தார். அதற்காகவே அங்கே வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார், தராசில் போட்டார். 150 ரூபாய் கொடுத்தார். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. அடகுச் சீட்டை அம்மா நாலாக மடித்து என் டவுசர் பைக்குள் வைத்தாள். அவளிடம் இருந்தால் அப்பா பார்த்துவிடக் கூடும்.

திரும்பி வரும் வழியில் வளையல் கடையில் நின்று ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு அருகில் வந்ததும், "அப்பாகிட்டே சொல்லாதே. யார்கிட்டேயும் சொல்லாதே. சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

தங்கை பிழைத்தாள். வளையல் திரும்பி வரப் பதினாலு மாதமாயிற்று. மாதா மாதம் மூன்று ரூபாய் வட்டி. நான்தான் கொண்டு போய்க் கட்டுவேன். மொத்தம் 42 ரூபாய். அந்த வட்டிக்கும் முதலுக்கும் அம்மா மத்தியானத்தில் மந்தாரை இலை தைத்தாள். அப்பா ஆபீஸுக்குப் போன பிறகு இலைக் கட்டு வரும். அவர் வருவதற்குள் தைத்த இலை போய்விடும். ஈர்க்குச்சி குத்தி அவளுடைய விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். காலையில் இரண்டாம் காப்பியை நிறுத்தினாள். "பித்தம் ஏறுகிறது" என்று காரணம் சொன்னாள்.

அந்தப் பதினாலு மாதமும் அப்பா, "நான் கடன் வாங்கினதில்லை" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் எங்கள் வீட்டில் கடன் இருந்தது. அதை அவர் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

பல வருஷமாக என் மனசில் ஒரு கேள்வி உண்டு. தினம் சாதம் போடுகிற கையில் பொன் வளையல் இல்லாமல் கண்ணாடி வளையல் மட்டும் இருப்பதைப் பதினாலு மாதம் ஒரு மனிதர் பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்திருந்தால் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் தாம் போய்க் கடன் வாங்கி அதை மீட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. நானும் அவரைக் கடைசி வரை கேட்கவில்லை.

*

இதைச் சொல்லுவதால் நான் கடனுக்கு வக்கீலாகிவிட்டேன் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள்.

2005-இல் எனக்கும் ஒரு கிரெடிட் கார்டு வந்தது. அட்டையைக் காட்டினால் சாமான் கொடுக்கிறார்கள், பணம் கேட்பதில்லை. அப்பாவின் ரொக்கக் கொள்கையில் வளர்ந்த எனக்கு இது மாயாபஜார் போல இருந்தது. ஃபிரிஜ் வந்தது, டெலிவிஷன் வந்தது. மாதக் கணக்கில் "செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை" என்று ஒரு கட்டம் போட்டிருந்தது. எவ்வளவு தாராள மனசு என்று எண்ணி அதை மட்டும் கட்டி வந்தேன். பாக்கி 50,000 ரூபாய். குறைந்தபட்சம் 2,500. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி, அதாவது 1,500. ஆக, நான் கட்டியதில் ஆயிரம் ரூபாய்தான் அசலுக்குப் போயிற்று. அதற்குள் அட்டையைத் தேய்த்து இன்னும் ஆயிரத்தைந்நூறுக்கு ஏதாவது வாங்கியிருப்பேன். எங்கள் அம்மா நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு ஒளிந்து ஒளிந்து போனாள்; படித்த பிள்ளை நான் நூற்றுக்கு மூன்றுக்கு ஏர்கண்டிஷன் கடைக்குள் நிமிர்ந்த நடையாகப் போனேன். குற்றம் பாங்கியின்மேல் இல்லை. கணக்குத் தாளின் பின்பக்கம் எல்லாம் அச்சடித்துத்தான் இருந்தது. நான் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து என் மனைவி அந்த அட்டையை எங்கேயோ ஒளித்து வைத்தாள். அதன் பிறகுதான் கடன் தீர்ந்தது. "கொஞ்சமாக உபயோகிக்கிறேன்" என்று நான் கெஞ்சியதற்கெல்லாம் அவள் மசியவில்லை. எனக்கு மட்டும் அந்த அமெரிக்கருடைய உபதேசம் அன்றைக்குக் கிடைத்திருந்தால் ஐம்பதினாயிரம் சீக்கிரமே அடைபட்டிருக்கும். ஆசைக்கு வாங்குகிற கடன் ஒரு ஜுரம். ஜுரக்காரனிடம் "அளவாகச் சாப்பிடு" என்று சொல்லிப் பிரயோசனமில்லை. வாயைக் கட்ட வேண்டும். லங்கனம் பரம ஔஷதம்தான். ஆனால் டைபாயிட்டில் பிதற்றும் குழந்தைக்கும் அதே லங்கனத்தைச் சொன்னார்களே, அங்கேதான் சங்கடம்.

எங்கள் தெருவில் கீரை விற்கிற அம்மாள் ஒருத்தி உண்டு. சென்னைக்கு நாங்கள் குடி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது கையில் முதல் வேண்டும். முதலுக்குத் தண்டல்காரரிடம் போவாள். 10,000 ரூபாய்க்கு எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். நூறு நாளைக்கு 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசலையும் தினம் தினம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறாள் அல்லவா? வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறுக்கு மேலேயே போகிறது. கந்து வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது.

இந்த அம்மாளிடம் போய், "கடன் வாங்காதே, முதலில் ஆறு மாதச் செலவைச் சேர்த்து வை" என்று சொன்னால் என்ன சொல்லுவாள்? "சரிங்க சாமி, நாளைக்குக் கீரை எதிலே வாங்கறது?" என்பாள். சேமிப்பு முதலில், தேவை அப்புறம் என்கிற வரிசை மாதச் சம்பளக்காரனுக்கு உரியது. அவளுக்குத் தேவை விடிவதற்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

அவளைத் தண்டலிலிருந்து மீட்டது எது தெரியுமா? இன்னொரு கடன்தான். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், ஐக்கிய நாடுகளின் விவசாய வளர்ச்சி நிதியின் உதவியோடு பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். 1992-இல் நபார்டு வங்கி இப்படிப்பட்ட குழுக்களுக்கு வங்கிகளில் கடன் கிடைக்க வழி செய்தது. நம்முடைய கீரைக்காரம்மாளும் அப்படி ஒரு குழுவில் சேர்ந்தாள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. வாரம் தவறாமல் கூட்டம்; எல்லார் முன்னிலையிலும் வரவு செலவு படிப்பார்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்று எல்லாருக்கும் தெரியும்.

இது புதிய யோசனையும் அல்ல. லேவாதேவிக்காரர்களிடம் விவசாயிகள் படும் பாட்டைப் பார்த்து, சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்ஸன் என்னும் அதிகாரியை ஆராயச் சொல்லிற்று. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமத்தாரைச் சேர்த்து நடத்திய கடன் சங்கங்களை அவர் ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் இரண்டு பாகங்களாக அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற திரூர் கிராமத்தில் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். கடனால் கெட்டுப் போகிறவர்களுக்கு அந்தப் பெரியவர்கள் "கடன் வாங்காதே" என்று பிரசங்கம் செய்திருக்கலாம். செலவும் குறைவு. அவர்கள் அப்படிச் செய்யாமல், மானத்தோடு வாங்கி மானத்தோடு திருப்பிக் கொடுக்க ஓர் இடத்தை உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

தமிழில் வாங்கிய பணத்துக்கும் கடன் என்று பெயர். செய்ய வேண்டிய கடமைக்கும் கடன் என்றே பெயர். பிதிர்க்கடன், நேர்த்திக்கடன் என்கிறோம். வாங்கியதை மறைக்காமல், முடிக்க வேண்டியது என்று எழுந்து நின்று ஒப்புக்கொள்வது இரண்டுக்கும் பொது. அம்மாவின் அடகுக் கடனில் எனக்குக் கசந்தது வட்டி அல்ல. அதை என் டவுசர் பையில் ஒளித்து வைக்க வேண்டியிருந்ததே, அதுதான்.

*

நான் சொல்லி முடித்தபோது என் மருமான் அரிவாள்மணைப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். என் தங்கை அவரைக்காயைக் கீழே வைத்தாள். தனக்கு ஜுரம் வந்தது அவளுக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது. மருந்து எதிலிருந்து வந்தது என்று அன்றுதான் தெரியும். வளையல்களை ஒரு தடவை மேலே தள்ளி விட்டுக்கொண்டாள்.

"அப்படின்னா இந்த வளையலுக்கு இது ரெண்டாவது தடவையா, அண்ணா?" என்று கேட்டாள்.

பிறகு மகனைப் பார்த்து, "நான் குடுக்க மாட்டேன்னு சொல்லலேடா. ஆனா நீ என்னைக் கேட்கவே இல்லையே! அம்மா குடுத்துடுவான்னு நீயே எழுதிண்டுட்டே" என்றாள்.

அவன் முகம் சிறுத்துப் போயிற்று. நல்ல பிள்ளை, தாயார் பணத்தை அபகரிக்க நினைக்கிறவன் அல்ல. பாங்கியில் வாங்கினால் கடன், அம்மாவிடம் வாங்கினால் கடன் இல்லை என்று எண்ணிவிட்டான். அவ்வளவுதான். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எண்ணுகிறோம்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னவள் என் தங்கைதான். "ஒரு வளையலைத் தரேன். இன்னொண்ணு எனக்கு இருக்கட்டும். குடுக்கறதும் சும்மா இல்லே, கடன். உன் நோட்டிலே எழுதிக்கோ."

அவன் நோட்டை எடுத்தான். முதல் வருஷத்துச் சம்பளம் அம்மாவின் வளையலிலிருந்து. கார்டுகளைத்தான் நறுக்கியாயிற்றே, அந்த மிச்சத்தில் இரண்டாம் வருஷம். மூன்றாவது நாலாவது வருஷங்களுக்கு மட்டும் பாங்கியில் 2 லட்சம். மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தோம். திருப்பிக் கட்ட வேண்டிய சமயத்தில் இரண்டரை லட்சமாகியிருக்கும். ஏழு வருஷத்துக்கு மாதம் 4,150 ரூபாய். முன்பு பார்த்த ஒன்பதினாயிரத்தில் பாதி கூட இல்லை. பெண்ணைப் போனில் கூப்பிட்டு அவளுக்கும் விவரமாகச் சொன்னோம். "நான் வேலைக்குப் போய்க் கட்டறேன், தாத்தா. ஆனா மொத்தம் எவ்வளவுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள். அமெரிக்கருடைய கட்டுப்பாட்டில் பாதியும், கும்பகோணத்துப் பாடத்தில் பாதியுமாக ஒரு திட்டம் தயாராயிற்று. அந்த அமெரிக்கர் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். எங்கள் அப்பாவும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

"அம்மாவுக்கு, ஒரு லட்சம் ரூபாய்" என்று அவன் எழுதிக்கொண்டிருந்தபோது என் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"ரூபாய்னு எழுதாதே. ரெண்டு பவுன்னு எழுது. பொன்னாக் குடுத்தேன், பொன்னாவே திருப்பிக் குடு."

அவன் சிரித்துக்கொண்டே திருத்தி எழுதினான்.

2025-இல் தங்கம் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிய அன்று சாயங்காலம் அவனிடமிருந்து டெலிபோன் வந்தது. "பார்த்தீங்களா, மாமா? அதுவரைக்கும் அரைப் பவுன்தான் திருப்பியிருக்கேன். பாங்கிக் கடனே தேவலை போலிருக்கே! இதுக்குத்தான் கடனே கூடாதுன்னு சொன்னேன்" என்று புலம்பினான்.

"உன் குரு சொன்னது தப்பில்லையடா" என்றேன். "அம்மா என்ன சொல்றா?"

"அவளா? தினம் காலையிலே பேப்பர்லே பவுன் விலையைச் சத்தம் போட்டு வாசிக்கறா."

எங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேன். அந்தப் பதினாலு மாதமும் அவள் வீட்டில் எதையும் சத்தம் போட்டு வாசித்ததில்லை.